மரபணு மாற்றப் பயிர்கள்: பசிக்குத் தீர்வா, உண்பதற்குப் பாதுகாப்பா? இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பேசுவோம்

வேர்முடிச்சு (இழையைத் தொடங்கியவர்)

மரபணு மாற்றப் பயிர்களைப் பற்றி இக்களத்தில் இதற்கு முன் நடந்த விவாதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் முட்டி நின்றுவிட்டன. இந்தப் பயிர்கள் இல்லாவிட்டால் உலகம் பட்டினி கிடக்கும் என்று ஒருவர் எழுதுவார். இவற்றை உண்டால் நோய் வரும் என்று அடுத்தவர் பதில் எழுதுவார். பசியைப் பற்றிய கேள்விக்கு நஞ்சைப் பற்றிய பதிலும், நஞ்சைப் பற்றிய கேள்விக்குப் பசியைப் பற்றிய பதிலும் கிடைத்துக்கொண்டே இருந்ததால், இரண்டில் எதுவும் முழுமையாக ஆராயப்படவில்லை.

ஆகவே, எந்தப் பயிர், அதில் சேர்க்கப்பட்ட பண்பு எது, அதை யார் எந்த நிலையில் பயிரிடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டு வாதத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 1996-இல் 17 லட்சம் ஹெக்டேரில் தொடங்கிய இப்பயிர்களின் பரப்பு, 2019-இல் 29 நாடுகளில் 19 கோடி ஹெக்டேரை எட்டியிருந்தது. இவ்வளவு பெரிய பரப்பில் பெரும்பகுதியைச் சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா எண்ணெய்வித்து என்னும் நான்கு பயிர்களே பிடித்துக்கொண்டிருக்கின்றன. பண்புகளும் பெரும்பாலும் இரண்டுதான்: களைக்கொல்லியைத் தாங்குவது, புழுவைக் கொல்வது. "மரபணு மாற்றம்" என்று பொதுவாகப் பேசும்போது நாம் உண்மையில் இந்தச் சிறிய பட்டியலைத்தான் பேசுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

நுண்ணோக்கி

உண்பவரின் பாதுகாப்பிலிருந்து தொடங்குகிறேன். நான் எடுத்துக்கொள்வது பி.டி. பண்பு. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண் பாக்டீரியா உருவாக்கும் 'கிரை' புரதத்தின் மரபணுவை எடுத்துப் பயிருக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தப் புரதத்தைப் புழு தின்றால் என்ன ஆகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் அச்சத்தில் பாதி குறைந்துவிடும். புழுவின் நடுக்குடல் காரத்தன்மை உடையது. அங்கேதான் புரதம் கரைகிறது. குடலில் உள்ள நொதிகள் அதன் ஒரு பகுதியை வெட்டிவிட, எஞ்சிய பகுதி குடற்சுவரிலுள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு துளைகளை உண்டாக்குகிறது. புழு தின்பதை நிறுத்திவிட்டு ஓரிரு நாள்களில் இறந்துபோகிறது. மனித இரைப்பையோ அமிலத்தன்மை கொண்டது. பருத்தியிலும் கத்தரியிலும் பயன்படுத்தப்பட்ட கிரை1ஏசி புரதம், செயற்கை இரைப்பை நீரில் நடத்தப்படும் சோதனையில் சில நிமிடங்களுக்குள் சிதைந்துவிடுகிறது. ஒட்டிக்கொள்ளத் தேவையான ஏற்பிகளும் நம் குடலில் இல்லை. இதே பாக்டீரியாவைத்தான் இயற்கை வேளாண்மை செய்வோரும் பல பத்தாண்டுகளாகப் பயிரின் மேல் தெளித்துவந்திருக்கிறார்கள்.

இதனால் எல்லா மரபணு மாற்றமும் பாதுகாப்பானது என்று சொல்ல வரவில்லை. பிரேசில் கொட்டையின் ஒரு புரதத்தைச் சோயாவில் சேர்த்துத் தீவனத்தின் சத்தைக் கூட்ட ஒரு விதை நிறுவனம் முயன்றது. அக்கொட்டை ஒவ்வாத மனிதர்களின் இரத்த ஊனீரில் சோதித்தபோது, ஒவ்வாமைக்குக் காரணமான அதே புரதம்தான் சோயாவுக்குள் வந்திருக்கிறது என்று தெரிந்தது. 1996-இல் அந்த முடிவு வெளியானது. சோயா சந்தைக்கு வரவில்லை. அதேபோல, அவரை இனத்திலிருந்து ஒரு புரதத்தைப் பெற்ற பட்டாணி ஆஸ்திரேலியாவில் சோதிக்கப்பட்டபோது எலிகளின் நோயெதிர்ப்பு மண்டலம் அதற்கு எதிராக வேலை செய்தது. 2005-இல் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் எதிர்ப்பாளர்கள் ஆபத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் இரண்டிலும் சோதனை தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். மரபு வழி இனப்பெருக்கத்தில் உருவான 'லெனாப்' என்னும் உருளைக்கிழங்கு, அதில் இயற்கையாகவே உருவாகும் நஞ்சின் அளவு மிகுந்திருந்ததால் 1970-இல் திரும்பப் பெறப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். அதற்கு இத்தகைய முன்சோதனை எதையும் சட்டம் கேட்கவில்லை.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு 900-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்துவிட்டு 2016-இல் வெளியிட்ட அறிக்கை, சந்தையில் உள்ள மரபணு மாற்ற உணவுகள் மற்ற உணவுகளைவிட உடல்நலத்துக்குக் கூடுதல் ஆபத்தானவை என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று கூறியது.

கதிரறுப்பு

நண்பர் நுண்ணோக்கி அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் சோதனை யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை அவர் தொடவில்லை. ஒப்புதலுக்காக ஒப்படைக்கப்படும் தரவுகளைத் தயாரிப்பது பெரும்பாலும் விதையை விற்கவிருக்கும் நிறுவனமே. எலிகளுக்குத் தீவனமாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனை வழக்கமாக 90 நாள்களோடு முடிந்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் உண்ணப்போகும் ஒரு பொருளுக்கு இது போதுமா?

2012-இல் பிரான்ஸின் செராலினி குழு மரபணு மாற்ற மக்காச்சோளத்தைக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் எலிகளை வளர்த்துக் கட்டிகள் தோன்றியதாக அறிவித்தபோது அந்த ஆய்வை இதழ் திரும்பப் பெற்றது. நிறுவனங்களின் குறுகிய கால ஆய்வுகளை யாரும் அந்த அளவுக்குத் துருவவில்லை. அடுத்ததாக, ஸ்டார்லிங்க் மக்காச்சோளம். கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் என்று 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அது, 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடைகளில் விற்ற உணவுப் பொருள்களில் கண்டுபிடிக்கப்பட்டது. காகிதத்தில் இருந்த பாதுகாப்பு களஞ்சியத்தில் இல்லை. எனவே, சோதனை தன் வேலையைச் செய்கிறது என்ற நிம்மதி எனக்கு இல்லை.

நுண்ணோக்கி

இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள், ஏனெனில் ஒன்றில் உங்களோடு உடன்படுகிறேன், மற்றொன்றில் இல்லை.

செராலினி குழுவின் ஆய்வில் ஒவ்வொரு பிரிவிலும் 10 எலிகளே இருந்தன. அவர்கள் தேர்ந்தெடுத்த ஸ்பிராக் டாலி எலியினம், எதை உண்டாலும் உண்ணாவிட்டாலும் இரண்டு வயதை நெருங்கும்போது கட்டிகள் பெருமளவில் தோன்றும் இனம். அப்படிப்பட்ட எலிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்தால், தற்செயலாக வரும் வேறுபாட்டையும் தீவனத்தால் வரும் வேறுபாட்டையும் பிரித்தறிய முடியாது. 2013 நவம்பரில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு வேறொரு இதழில் மீண்டும் வெளியிடப்பட்டது. ஆனால் அந்தக் கேள்வி புதைக்கப்பட்டுவிட்டது என்பது சரியன்று. அதே மக்காச்சோள ரகத்தை வைத்து ஐரோப்பிய ஒன்றியமும் பிரான்ஸ் அரசும் பொதுப்பணத்தில் ஆய்வுகளை நடத்தின. அவற்றுள் ஒன்று இரண்டு ஆண்டு ஆய்வு. அவற்றில் தீங்கு எதுவும் தென்படவில்லை. நிறுவனப் பணம் கலக்காத நீண்டகால ஆய்வு வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள், இவை அத்தகையவையே.

ஸ்டார்லிங்க் விவகாரத்தில் உங்கள் கவலை நியாயமானது. அதிலிருந்த கிரை9சி புரதம் வெப்பத்திலும் செரிமான நீரிலும் எளிதில் சிதையவில்லை. அதனால்தான் மனித உணவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஒவ்வாமை ஏற்பட்டிருக்கலாம் என்று கருதப்பட்ட 28 பேரை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தபோது, அப்புரதம் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும், மொத்த மக்காச்சோளப் பரப்பில் 1 விழுக்காடுகூட இல்லாத ஒரு ரகம் உணவுச் சங்கிலி முழுவதும் பரவிவிட்டது என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. ஒரே தானியத்தைத் தீவனத்துக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று என்று பிரித்து வைக்கலாம் என எண்ணியவர்கள் மகரந்தம் காற்றில் பறப்பதையும், ஒரே லாரியில் இரண்டு மூட்டைகள் ஏறுவதையும் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாம்மடை

நான் வேளாண் களப்பணியில் இருப்பவன். உண்பவரின் பாதுகாப்பைப் பற்றி நண்பர்கள் எழுதியதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. ஒப்புதல் கிடைத்த பிறகு வயலில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். என் பயிர் பருத்தி, பண்பு பி.டி.

பச்சைக் காய்ப்புழுவைக் கண்ணால் பார்க்கலாம். காயில் பெரிய துளை போட்டு, பாதி உடலை வெளியே நீட்டிக்கொண்டு தின்றுகொண்டிருக்கும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்படிப்பட்டதன்று. முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்திலேயே காய்க்குள் நுழைந்துவிடும். நுழைந்த துளையும் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் காய் பச்சைப் பசேலென்று பழுதில்லாமல் தெரியும். அதைப் பறித்து இரண்டாகப் பிளந்தால்தான், பஞ்சுக்கு நடுவே விதையைத் துளைத்துக்கொண்டு படுத்திருக்கும் புழு தெரியும். அதற்குள் எந்த மருந்தைத் தெளித்தாலும் அதைச் சென்று சேராது. பி.டி. பருத்தி இந்த இடத்தில் பெரிய உதவியாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன், ஏனென்றால் மருந்து போக முடியாத இடத்தில் நஞ்சு ஏற்கெனவே காத்திருந்தது.

ஆனால் ஒரே நஞ்சை ஒவ்வொரு செடியும் பருவம் முழுவதும் சுரந்துகொண்டிருந்தால், அதைத் தாங்கும் புழு என்றோ ஒரு நாள் தலையெடுக்கும் என்பது முதலிலேயே தெரிந்த உண்மை. அதற்காகத்தான் புகலிடப் பயிர் என்ற ஏற்பாடு. வயலின் ஒரு பகுதியில் பி.டி. அல்லாத பருத்தியை விதைத்தால், அங்கே நஞ்சு தாங்காத புழுக்கள் பிழைத்து அந்துப்பூச்சிகளாகி, பி.டி. பருத்தியில் தப்பிய அரிய பூச்சிகளோடு இணைசேரும். பிறக்கும் புழுக்கள் மீண்டும் நஞ்சுக்கு இரையாகும். இந்தியாவில் 2002-இல் ஒப்புதல் பெற்ற பி.டி. பருத்தியின் 450 கிராம் பொட்டலத்தோடு, புகலிடத்துக்கென 120 கிராம் சாதாரண விதையும் சேர்த்துத்தான் விற்கப்பட்டது. அந்தச் சிறு பொட்டலம் பல இடங்களில் மண்ணுக்குள் போகவே இல்லை. விளைச்சல் குறையும் என்று தெரிந்த விதையைத் தன் நிலத்தில், தன் செலவில், ஊர் நன்மைக்காக ஏன் விதைக்க வேண்டும் என்று விவசாயி கேட்டால் அதற்கு நேரான பதில் யாரிடமும் இல்லை. 2010-க்குள் குஜராத்தில், முதல் ரகத்திலிருந்த ஒற்றை நஞ்சைத் தாங்கும் இளஞ்சிவப்புப் புழுக்கள் உறுதிசெய்யப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில், இரண்டு நஞ்சுகளைக் கொண்ட ரகத்தையும் அவை தின்னத் தொடங்கின.

இதே புழு, இதே பண்பு, வேறு நாடு: அமெரிக்காவின் அரிசோனாவில் விவசாயிகள் பல ஆண்டுகள் புகலிடப் பயிரை ஒழுங்காக விதைத்தார்கள், பிறகு மலடாக்கப்பட்ட அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் விடுவித்தார்கள். 2018-இல் அந்நாட்டின் பருத்தி வயல்களிலிருந்து இளஞ்சிவப்புப் புழு ஒழிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மரபணு இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் விற்கப்பட்டவை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள். ஒட்டுச் செடியில் நஞ்சு மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வருவதால், அதன் காய்க்குள் இருக்கும் விதைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் அந்த மரபணு இருக்காது. விதையைத் தின்னும் புழுவுக்கு ஒரே காய்க்குள் நஞ்சுள்ளதும் இல்லாததும் கலந்து கிடைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சைப் பழகிக்கொள்ள இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா என்பது பூச்சியியலாளர்கள் சிலரின் வாதம்.

பழுப்பேடு

மூன்றாம்மடை அவர்களின் பதிவை மூன்று முறை வாசித்தேன். தொழில்நுட்பத்தின் வெற்றியும் தோல்வியும் அதற்கு வெளியே தீர்மானமாகின்றன என்ற அவருடைய கருத்தை உணவுப் பாதுகாப்பு, அதாவது எல்லோருக்கும் போதிய உணவு கிடைப்பது, என்ற கேள்விக்கும் பொருத்திப் பார்க்க விரும்புகிறேன்.

1996-இல் ரோமில் கூடிய உலக உணவு மாநாடு வகுத்த விளக்கத்தின்படி, உணவு விளைந்திருப்பது மட்டும் போதாது. அதை வாங்கவோ பெறவோ மனிதனால் முடிய வேண்டும், உடல் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், இந்த நிலை ஆண்டு முழுவதும் நீடிக்கவும் வேண்டும். 1943-இன் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், அந்த ஆண்டு விளைச்சல் மட்டும் பார்த்தால் அத்தனை லட்சம் பேர் இறந்திருக்க வேண்டியதில்லை என்றும், கூலி உயராமல் அரிசி விலை உயர்ந்ததால் உழைக்கும் மக்கள் உணவைப் பெறும் ஆற்றலை இழந்ததே முதன்மைக் காரணம் என்றும் காட்டினார். 2023-இலும் 73 கோடிப் பேர் பசியோடு இருந்ததாக ஐக்கிய நாடுகள் அவை 2024-இல் மதிப்பிட்டது. அதே ஆண்டில் உலகின் தானிய உற்பத்தி குறைந்துபோய்விடவில்லை.

இப்போது 19 கோடி ஹெக்டேரை எடுத்துக்கொள்வோம். சோயாவின் முக்கால் பங்கு கால்நடைக்குத் தீவனமாகிறது. அமெரிக்க மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எத்தனால் ஆலைக்குச் செல்கிறது. பருத்தியை யாரும் உண்பதில்லை. அதன் விதையின் எண்ணெய் மட்டும் சமையலறைக்கு வருகிறது. எனவே, இன்று நிலத்தில் இருக்கும் மரபணு மாற்றப் பயிர்கள் பசித்தவரின் தட்டை நிரப்புவதற்காக வடிவமைக்கப்பட்டவை என்ற கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. நுண்ணோக்கி அவர்கள் மேற்கோள் காட்டிய அதே 2016 அறிக்கைதான், அமெரிக்காவில் சோயா, மக்காச்சோளம், பருத்தி ஆகியவற்றின் விளைச்சல் உயரும் வேகத்தை இப்பயிர்கள் மாற்றியதற்குச் சான்று இல்லை என்றும் சொல்கிறது. இரு தரப்பினரும் அந்த அறிக்கையில் தமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருக்கிறார்கள்.

அதற்காக வருமானத்தில் பயன் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. க்ளும்பர், கைம் ஆகிய இருவர் 147 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, பூச்சிக்கொல்லிப் பயன்பாடு சராசரியாக 37 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் 22 விழுக்காடும் இலாபம் 68 விழுக்காடும் கூடின. வளரும் நாடுகளில் பயன் அதிகமாக இருந்தது. சிறு விவசாயியின் கையில் பணம் தங்குவதும் உணவுப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். ஆனால் இந்தப் பயனின் பெரும்பகுதி புழுவைக் கொல்லும் பண்பிலிருந்து வருகிறது. களைக்கொல்லி தாங்கும் பண்பின் கதை வேறு: கிளைபோசேட் என்னும் ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் தெளித்ததன் விளைவாக அதற்குச் சாகாத களைகள் பெருகின, அவற்றுக்காகப் பழைய, கடுமையான களைக்கொல்லிகள் மீண்டும் வெளியே எடுக்கப்பட்டன. கிளைபோசேட்டே புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டில் அதற்கு வாய்ப்புக் குறைவு என்றது. அந்தச் சர்ச்சை மரபணுவைப் பற்றியதன்று, மரபணுவோடு சேர்த்து விற்கப்படும் புட்டியைப் பற்றியது. விவசாயக் கூலியாளரின் பாதுகாப்பைப் பேசுகிறவர்கள் அந்தப் புட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கதிரறுப்பு

விதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இன்னும் வரவில்லை, ஆகவே நான் கொண்டுவருகிறேன். காப்புரிமை பெற்ற விதையை வாங்குபவர் அறுவடையிலிருந்து எடுத்து மறுமுறை விதைக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அந்த உரிமையை மீறி மறுவிதைப்புச் செய்த ஒரு சோயா விவசாயிக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உணவின் வேரான விதை சில நிறுவனங்களின் கைக்குப் போனபின், உணவுப் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருக்கிறது?

வேர்முடிச்சு

இந்த இடத்தில் மூன்று வேறு செய்திகள் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் வாங்க வேண்டியிருப்பது மரபணு மாற்றத்தால் வந்ததன்று. அது அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தையது. முளைக்காத விதையை உருவாக்கும் நுட்பத்துக்கு 1998-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் கடும் எதிர்ப்புக்குப் பிறகு அது சந்தைக்கு வரவே இல்லை, இன்றும் எந்த வயலிலும் இல்லை. காப்புரிமை ஒப்பந்தம் மட்டுமே மெய்யான சிக்கல். அதற்கும் காலக்கெடு உண்டு. கிளைபோசேட் தாங்கும் முதல் தலைமுறைச் சோயாவின் காப்புரிமை அமெரிக்காவில் 2015-இல் முடிந்துவிட்டது.

பொது நிறுவனங்கள் உருவாக்கிய பயிர்களையும் பார்க்க வேண்டும். ஹவாயில் வளையப்புள்ளி வைரஸ் பப்பாளித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, டெனிஸ் கொன்சால்வஸ் தலைமையிலான பல்கலைக்கழக அறிஞர்கள் அந்த வைரஸின் மேலுறைப் புரத மரபணுவைப் பப்பாளியில் சேர்த்தார்கள். 1998-இல் அந்த விதை விவசாயிகளுக்கு இலவசமாகவே கொடுக்கப்பட்டது. வைரஸ் தாக்கிய பப்பாளியை உண்டவர்கள் அதே புரதத்தை இதைவிடப் பன்மடங்கு ஏற்கெனவே உண்டிருந்தார்கள் என்பது வேடிக்கையான செய்தி. வங்கதேசம் 2013-இல் ஒப்புதல் அளித்த பி.டி. கத்தரி ஒட்டு ரகமன்று. விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். நைஜீரியாவில் 2019-இல் ஒப்புதல் பெற்ற பி.டி. தட்டைப்பயறும் அரசு ஆய்வு நிறுவனத்தின் படைப்பே. அங்கே காய்த்துளைப்பான் புழுவால் விளைச்சலின் பெரும்பகுதியை இழந்துகொண்டிருந்தவர்கள் சிறு விவசாயிகள். உங்கள் எதிர்ப்பு இவற்றுக்கும் பொருந்துமா என்று அறிய விரும்புகிறேன்.

கதிரறுப்பு

பப்பாளிக்கு என் எதிர்ப்பு இல்லை. தட்டைப்பயறுக்கும் இல்லை. கத்தரியில் மட்டும் தயங்குகிறேன். அதன் காட்டு உறவினங்கள் சுற்றிலும் வளரும் நிலப்பகுதியில் மகரந்தம் கலந்தால் என்ன ஆகும் என்பதை ஒப்புதலுக்கு முன்பே முடிவு கட்டியிருக்க வேண்டும். இந்தியா 2010-இல் அதே பி.டி. கத்தரியை நிறுத்தி வைத்தபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

இலைநரம்பு

புதிய உறுப்பினன். இத்தனை பதிவுகளுக்குப் பிறகும், வைட்டமின் ஏ சத்துக்காக மரபணு மாற்றப்பட்ட தங்க அரிசியைப் பற்றி யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. உணவுப் பாதுகாப்பில் சத்தும் அடங்கும் என்றால், பசித்தவருக்கென்றே வடிவமைக்கப்பட்ட பயிர் அதுதானே? எதிர்ப்பாளர்களால்தான் அது 20 ஆண்டுகள் தடைப்பட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பழுப்பேடு

நல்ல கேள்வி. இங்கோ போட்ரிகுஸ், பீட்டர் பேயர் ஆகியோர் 2000-ஆம் ஆண்டில் அறிவித்த முதல் தங்க அரிசியில் ஒரு கிராமுக்கு 1.6 மைக்ரோகிராம் கரோட்டினாய்டு (உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் நிறமி) மட்டுமே இருந்தது. அது ஒரு குழந்தையின் தேவைக்குப் பயன்படும் அளவன்று. மக்காச்சோளத்தின் மரபணுவைப் பயன்படுத்தி 2005-இல் வந்த இரண்டாம் வடிவம்தான் அதை 37 மைக்ரோகிராம் வரை உயர்த்தியது. அதன்பின் அந்தப் பண்பை விவசாயிகள் விரும்பும் ரகங்களுக்குள் கொண்டுவந்தபோது விளைச்சல் குறைந்த வகைகளும் வந்தன. அவற்றைக் கழித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. தாமதத்தின் ஒரு பகுதி எதிர்ப்பால் வந்தது, ஒரு பகுதி அரிசியாலேயே வந்தது.

அதே காலத்தில், மரபு வழியில் உருவாக்கப்பட்ட செம்மஞ்சள் நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆப்பிரிக்க நாடுகளில் அதே வைட்டமின் ஏ குறைபாட்டுக்கு எதிராகப் பரவியது. அதற்கு உழைத்தவர்களுக்கு 2016-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பிலிப்பைன்ஸ் 2021-இல் தங்க அரிசியைப் பயிரிட அனுமதித்தது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை நீக்கியது.

நுண்ணோக்கி

கிழங்கின் வெற்றியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வேளையும் அரிசியையே உண்ணும் குடும்பத்திடம் கிழங்கைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு உணவு வழக்கத்தையே மாற்ற வேண்டும். வைட்டமின் ஏ குறைபாட்டால் ஆண்டுதோறும் 2.5 லட்சம் முதல் 5 லட்சம் குழந்தைகள் பார்வையை இழக்கிறார்கள் என்றும், அவர்களில் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. ஒப்புதலைத் தள்ளிப்போடுவது செலவில்லாத முன்னெச்சரிக்கை என்ற எண்ணம் அந்த எண்களுக்கு முன்னால் நிற்காது. 2002-இல் வறட்சியின்போது, அமெரிக்கா அனுப்பிய மக்காச்சோளத்தை ஜாம்பியா திருப்பிவிட்டதையும் நினைவில் கொள்ளுங்கள். அண்டை நாடுகள் சில, விதையாக முளைத்துவிடாதபடி மாவாக அரைத்துக் கொடுத்தால் ஏற்கிறோம் என்றன, ஜாம்பியா மாவையும் மறுத்தது.

கதிரறுப்பு

ஜாம்பியாவின் முடிவை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பசியில் இருக்கும் நாட்டிடம், வேறு தானியமும் உலகில் கிடைத்துக்கொண்டிருந்தபோது, இதை எடுத்துக்கொள் அல்லது பட்டினி கிட என்று சொன்ன முறையையும் ஆதரிக்க முடியாது.

வேர்முடிச்சு

மரபணுத் திருத்தத்தையும் ஒரு வார்த்தை தொட்டுவிடலாம். வேற்று உயிரினத்தின் மரபணு எதையும் சேர்க்காமல், செடியின் சொந்த மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றும் கிரிஸ்பர் முறைக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்முறையில் உருவான தக்காளி 2021-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஐரோப்பிய நீதிமன்றமோ 2018-இல் இதையும் மரபணு மாற்றச் சட்டத்துக்குள்ளேயே வைத்தது. கதிர்வீச்சாலும் வேதிப்பொருள்களாலும் மரபணுக்களைத் தாறுமாறாகச் சிதைத்து உருவாக்கிய 3,000-க்கும் மேற்பட்ட ரகங்கள் அந்தச் சட்டத்தின் கட்டுப்பாடுகளுக்கு வெளியே இருக்க, ஓர் எழுத்தை மட்டும் மாற்றியது உள்ளே இருப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. உருவாக்கிய முறையைவிட, விளைந்த செடியில் புதிதாக என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கும் சட்டமே பொருத்தமானது என்பது என் கருத்து. இது தனி இழைக்குரிய பொருள்.

இந்த இழையில் நான் கவனித்தது, உண்பவரின் பாதுகாப்பிலும் சரி, வயலிலும் சரி, பெரிய சறுக்கல்கள் ஒப்புதலுக்குப் பிந்தைய காலத்தில்தான் நடந்திருக்கின்றன. ஸ்டார்லிங்கிலும் இளஞ்சிவப்புப் புழுவிலும் ஆய்வகம் முன்பே எச்சரித்திருந்தது, அந்த எச்சரிக்கை வெளியே கடைப்பிடிக்கப்படவில்லை. அதற்கு நடைமுறையில் என்ன செய்யலாம் என்று மூன்றாம்மடை அவர்கள் சொல்ல வேண்டும்.

மூன்றாம்மடை

ஒவ்வொரு பருவத்திலும் பல வட்டாரங்களிலிருந்து காய்களைப் பறித்துப் பிளந்து, கிடைக்கும் புழுக்களை நஞ்சு கலந்த செயற்கை உணவில் வளர்த்து, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ண வேண்டும். இதற்குப் பெரிய அறிவியல் தேவையில்லை. ஆட்களும் பணமும், முடிவை அந்தப் பருவத்திலேயே வெளியிடும் துணிவும் போதும். விற்றுக்கொண்டிருக்கும் விதை தோற்றுவிட்டது என்று அதை விற்பவரே முதலில் அறிவிப்பார் என எதிர்பார்ப்பது வீண். கண்காணிப்பு வேறு கைகளில் இருக்க வேண்டும்.

கதிரறுப்பு

அதோடு ஒப்புதலுக்கும் காலாவதி நாள் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுக்கும் தீவனத்துக்குமான அனுமதி 10 ஆண்டுகளுக்கு மட்டுமே. பிறகு தரவுகளோடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பருத்திக்கு 10 ஆண்டுகூட அதிகம், புழு அதற்குள் வென்றுவிடுகிறது. 5 ஆண்டுக்கு ஒருமுறை மூன்றாம்மடை அவர்கள் சொல்லும் கணக்கைக் காட்டினால்தான் விற்பனை தொடரலாம் என்று விதி வந்தால், என் எதிர்ப்பில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

நுண்ணோக்கி

புழுப் பண்புக்கு அந்த விதி சரி. பப்பாளி போன்ற சிறு பயிருக்கு அதே விதியை வைத்தால், புதுப்பிக்கும் செலவைப் பல்கலைக்கழகத்தால் தாங்க முடியாது. பெரிய நிறுவனங்கள் மட்டுமே களத்தில் எஞ்சும். நீங்கள் அஞ்சுவதும் அதைத்தானே?

கதிரறுப்பு

அப்படியானால் கட்டணத்தை விற்ற விதையின் அளவுக்கேற்ப வாங்கட்டும். கோடிக்கணக்கான ஹெக்டேருக்கு விற்பவர் கொடுக்கும் பணத்தில் பப்பாளியின் கண்காணிப்பையும் நடத்திவிடலாம்.